முத்தையாபுரத்துக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்து?

கடற்கரை ஊர்க்காரர்களிடம், "உங்களுக்கு எதைக் கண்டால் பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். கை தானாகக் கிழக்குப் பக்கம் நீளும். கடல், புயல், சுனாமி என்றுதான் பதில் வரும். 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்கூட சுனாமி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் தூத்துக்குடிக்குத் தெற்கே, திருச்செந்தூர் சாலையில் இருக்கும் முத்தையாபுரத்தையும் அதைச் சுற்றியுள்ள அத்திமரப்பட்டி, காலாங்கரை, முள்ளக்காடு பகுதிகளையும் எடுத்துக்கொண்டால், பெரிய அடி கிழக்கிலிருந்து வரவில்லை. முதுகுப்பக்கமான மேற்கிலிருந்து வந்தது. கடலைப் பார்த்தே காவல் இருந்தவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் கொல்லைப்புற வாசல் வழியாக நுழைந்தது.

தூத்துக்குடி, காயல்பட்டினம், ஏரல், செய்துங்கநல்லூர் என்று இந்த வட்டாரம் முழுக்க நம் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தில் மனை வாங்குவதும் வீடு கட்டுவதும் பெரும்பாலும் இந்தச் சாலையை ஒட்டித்தான். ஆகவே இந்த ஊரின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்கு வெறும் பொது அறிவு அல்ல.

தண்ணீர் வரும் வழி

முத்தையாபுரம் முன்பு கிராம ஊராட்சியாக இருந்து, பிறகு தூத்துக்குடி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர். கிழக்கே துறைமுகம், அனல்மின் நிலையம், ஸ்பிக் உரத் தொழிற்சாலை, உப்பளங்கள். மேற்கே அத்திமரப்பட்டி, காலாங்கரை பக்கத்து நெல் வயல்களும் வாழைத் தோட்டங்களும். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் வாழை. இரண்டுக்கும் நடுவில் குடியிருப்பு.

அந்த வயல்களுக்குத் தண்ணீர் கொடுப்பது கோரம்பள்ளம் குளம். ஆங்கிலேயர் காலத்துக் குளம். இதற்கு இரண்டு வழிகளில் தண்ணீர் வரும். முதலாவது தாமிரபரணி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகாலின் கடைமடைக் குளம் இது. இரண்டாவது கோரம்பள்ளம் ஆறு. ஆறு என்று பெயர் இருந்தாலும், ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காய்ந்து கிடக்கும் காட்டாறு. கயத்தாறு, மணியாச்சி, ஒட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் பெய்யும் மழையெல்லாம் சிறு சிறு குளங்களை நிரப்பி, மறுகால் பாய்ந்து, கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

குளம் நிரம்பினால் 24 கண் மதகு வழியாக உபரி நீர் உப்பாற்று ஓடையில் இறங்குகிறது. நம் பக்கத்துப் பேச்சு வழக்கில் உப்பாத்து ஓடை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம் வரும்போது பாலத்தில் கடப்போமே, அதே ஓடைதான். அங்கிருந்து உப்பளங்களுக்கு நடுவே புகுந்து கடலில் கலக்கிறது.

மேற்கே பல நூறு சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழைக்கு இந்த ஒற்றை ஓடைதான் வாசல். முத்தையாபுரம் அந்த வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறது.

இதில் மூன்று சிக்கல்கள். ஒன்று, தரை கிட்டத்தட்டத் தட்டையானது. மலைப்பக்கம் போல் தண்ணீர் பாய்ந்து ஓடிவிடாது, பரவும். இரண்டு, ஓடையில் சீமைக்கருவேலமும் மண்மேடும் குப்பையும். ஓடையை அண்டி நின்ற கட்டடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலை, ரயில் பாதை, உப்பளக் கரைகள் எல்லாமே வடக்கு தெற்காக ஓடுகின்றன. தண்ணீர் போக வேண்டியதோ மேற்கிலிருந்து கிழக்கே. ஒவ்வொரு கரையும் ஒரு சிறு அணைதான். மூன்று, ஓடையின் முகத்துவாரத்தில் கடல் ஏறியிருந்தால் ஓடை நீர் உடனே உள்ளே போகாது.

இந்த மூன்றாவதைப் பிறைக் கணக்குப் பார்க்கும் நம்மால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். மாதம் பிறக்கும் நாட்களிலும் பிறை 14, 15லும் கடல் ஏற்றம் அதிகம். எட்டாம் பிறை, இருபத்திரண்டாம் பிறை வாக்கில் குறைவு. மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்க வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தட்டையான ஊரில் அரையடி நீர் என்பது, வாசல்படிக்குக் கீழே நிற்குமா மேலே ஏறுமா என்ற கேள்வி.

2023 டிசம்பர் 17, 18

அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் அதிகாலையில் பிடித்த மழை விடவே இல்லை. 18ஆம் தேதி காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரு முழு ஆண்டுச் சராசரி மழையே 65 சென்டிமீட்டர் சுற்றித்தான். ஒன்றரை ஆண்டு மழை ஒரே நாளில்.

சென்டிமீட்டரில் சொன்னால் மனதில் நிற்காது. ஐந்து சென்ட் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 95 சென்டிமீட்டர் மழை என்றால் அந்த மனையின் மேல் மட்டும் விழுந்த தண்ணீர் சுமார் 1,90,000 லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 16 லோடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் 16 லாரித் தண்ணீரைக் கொட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. இது பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்த தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல்.

திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம், கோவில்பட்டி எல்லா இடங்களிலும் 50 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணியில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் அதிகமான வெள்ளம். ஏரல் பாலம் அறுபட்டு ஊர் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டு, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த வண்டி கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, அடுத்த பகுதியில் ஜல்லி அரித்துப்போய் அந்தரத்தில் தொங்கிய தண்டவாளங்களின் படங்கள் சொல்லின. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்களிடம் இருந்த அரிசி பருப்பைக் கொண்டுவந்து அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். செய்துங்கநல்லூர் பள்ளிவாசலில், வீடு மூழ்கிய இந்துக் குடும்பங்கள் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு உணவு வழங்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

முத்தையாபுரம் பக்கத்தில் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. இங்கும் மழை கொட்டியது உண்மை. ஆனால் மழையைவிட மோசமானது மேற்கிலிருந்து வந்தது. ஒட்டப்பிடாரம், மணியாச்சி பக்கத்துக் குளங்கள் நிரம்பியும் உடைந்தும் வந்த தண்ணீரைக் கோரம்பள்ளம் குளம் தாங்கவில்லை. கரை உடைந்தது. அந்தோணியார்புரம் அருகே தூத்துக்குடி - திருநெல்வேலி நெடுஞ்சாலை அறுபட்டது. காலாங்கரை, அத்திமரப்பட்டி வயல்களும் வாழைகளும் மூழ்கின. முத்தையாபுரம் சுற்றுவட்டாரத்திலும் தூத்துக்குடியின் தாழ்வான பகுதிகளிலும் தண்ணீர் புகுந்து நாட்கணக்கில் வடியாமல் நின்றது. உப்பளங்களில் சேர்த்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்து போயின. பாத்திகளில் சேறு படிந்து, அடுத்த ஆண்டுக்கான வேலையைத் தொடங்கவே மாதங்கள் பிடித்தன.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: மழை வேறு, வெள்ளம் வேறு. நம் தலைக்கு மேல் பெய்யும் மழை கண்ணுக்குத் தெரியும். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை, குளம் குளமாக இறங்கி வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அது வரும் நேரத்தில் இங்கே மழை விட்டிருக்கலாம், நட்சத்திரம்கூடத் தெரியலாம். "மழைதான் விட்டுருச்சே" என்று பாயை விரித்துப் படுப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கோரம்பள்ளம் குளத்து நிலவரம் தெரியாமல், ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது முத்தையாபுரத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்று. அன்று அமாவாசை கழிந்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. கடல் ஏற்றம் தணிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அதே மழை பிறை 14இல் பெய்திருந்தால் ஓடை வடிய இன்னும் கூடுதல் நேரம் எடுத்திருக்கும். 2023தான் உச்சம், இனி அப்படி வராது என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எச்சரிக்கை போதிய நேரத்தில், போதிய அளவில் வந்ததா என்று பின்னர் மாநில அரசுக்கும் வானிலை ஆய்வு மையத்துக்கும் வாக்குவாதமே நடந்தது. அதில் யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாம் புரிந்துகொள்ள வேண்டியது வேறு. வானிலை மையத்தின் சொற்களில் 'அதி கனமழை' என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல். அதற்கு மேலே சொல் கிடையாது. 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான், 95 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். இரண்டுக்கும் அதே சிவப்பு நிறம்தான். சிவப்பு எச்சரிக்கை வந்து ஒன்றும் நடக்காத நாட்களைப் பார்த்துப் பழகிவிட்ட நாம், சிவப்பு என்றாலே அலட்சியம் செய்கிறோம்.

இதற்கு முன்னும் நடந்ததுதான்

2023ஐத் தனியான அதிசயமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அளவு புதிது. வழி பழையது.

1992 நவம்பர் 13 அன்று ஒரு புயல் இலங்கையைத் தாண்டி வந்து தூத்துக்குடி அருகே கரையேறியது. புயல் என்றதும் காற்றைத்தான் நினைப்போம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்தப் புயல் கொட்டிய மழைதான் தாமிரபரணியில் பெருவெள்ளமாக இறங்கி, கரையோர ஊர்களை மூழ்கடித்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் வெள்ளம் என்றால் அந்த ஆண்டைத்தான் சொல்வார்கள். 2015 நவம்பரில் தூத்துக்குடி நகரம் மூழ்கியது. 2021 நவம்பர் 25 அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 31 சென்டிமீட்டர் பெய்து, தூத்துக்குடியிலும் காயலிலும் தெருக்கள் குளமாயின. இரண்டே ஆண்டு கழித்து அதைப்போல் மூன்று மடங்கு.

இன்னும் பின்னால் போனால், இந்தக் கடற்கரையின் வரலாற்றையே எழுதியது தாமிரபரணியின் வெள்ளமும் அது கொண்டுவந்த வண்டலும்தான். பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கடல் விலகிப்போய்த் துறைமுகம் செத்தது. அடுத்து பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயல்' என்று எழுதிய செழிப்பான துறைமுகம் இதுதான் என்பது கால்டுவெல் பாதிரியார் உள்ளிட்டோரின் முடிவு. அரபுநாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய துறை அது. அதையும் வண்டல் மூடியது. வணிகம் புன்னக்காயலுக்குப் போனது, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. பழையகாயலுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில்தான் முத்தையாபுரம் இருக்கிறது. ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டே வந்த நிலத்தில் நாம் குடியிருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெள்ளம் மட்டுமா? மழையே பெய்யாத ஆண்டுகளும் உண்டு. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென் மாவட்டங்களைச் சூறையாடியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் கப்பலேறிய துறைகளில் தூத்துக்குடியும் ஒன்று. ஒரு பக்கம் வறட்சி, ஒரு பக்கம் வெள்ளம் என்ற இந்த இரட்டைக் குணத்தால்தான், நான்கு ஆண்டு காய்ந்து கிடக்கும் ஓடையைப் பார்த்து "இதில் எங்கே தண்ணீர் வரப்போகிறது" என்று நாம் ஏமாறுகிறோம்.

கடல் பக்கம்

அதற்காகக் கடலை மறந்துவிடவும் முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். தூத்துக்குடி மாவட்டத்தில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 3 பேர். காரணம் இலங்கை. சுமத்ரா பக்கமிருந்து வந்த அலையின் முழு வேகத்தை அந்தத் தீவு தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டது. அங்கே 30,000க்கும் அதிகமானோர் மாண்டார்கள். வளைந்து வந்த அலைதான் நமக்கு வந்தது. அதுவும் தெற்கே கன்னியாகுமரியை விட்டுவைக்கவில்லை.

இலங்கைக்கு அடுத்தபடியாக நமக்கு இருக்கும் அரண், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளும். அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன் குறைப்பவை இவை. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் என்று பல்லாண்டு காலம் பவளப் பாறைகளைத் தோண்டி எடுத்தோம். 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு நேர் எதிரே உள்ள வான் தீவு, 1986இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்தது, 2014 வாக்கில் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அதன் பிறகு கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றும் வேலை நடந்தது. பவளம் எடுப்பது சட்டப்படி இப்போது குற்றம். காவல்காரர்களைக் கொன்றுவிட்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த கதை இது.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் என்றால் நமக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் கிடைக்கும். 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்து, பின்னர் விலக்கப்பட்டது நினைவிருக்கலாம். அன்று ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக அடுத்த முறை வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

புயல்கள் மன்னார் வளைகுடாவுக்குள் அடிக்கடி வருவதில்லை. வந்தால் என்ன செய்யும் என்பதற்கு 1964 டிசம்பரில் அழிந்த தனுஷ்கோடி சாட்சி. 2020இல் புரெவி புயல் திரிகோணமலையில் ஏறி, வளைகுடாவுக்குள் வந்து, ராமநாதபுரத்துக்கு அருகே நின்ற இடத்திலேயே வலுவிழந்தது. தூத்துக்குடி தப்பியது. நிலநடுக்க அபாயம் இப்பகுதியில் குறைவு.

முத்தையாபுரத்துக்கே உரிய இன்னொரு சங்கதி உண்டு. ஊரை ஒட்டி உரத் தொழிற்சாலை, அதில் அம்மோனியா. அனல்மின் நிலையமும் துறைமுகச் சேமிப்புத் தொட்டிகளும் தூரமில்லை. இயற்கைச் சீற்றம் வந்து மின்சாரமும் சாலையும் ஒன்றாகப் போகும் நேரத்தில், இவற்றில் ஏதாவது கசிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மோனியா வாடை கண்ணையும் மூக்கையும் எரித்தால் ஈரத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். வாடைக் காலத்தில் ஒரு திசை, கச்சான் காலத்தில் நேர் எதிர்த் திசை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

மனை பார்க்கும் மாதம்

இப்போது நம் பணத்துக்கு வருவோம். மனை விளம்பரங்கள் எல்லாம் கோடையில்தான் களைகட்டும். சித்திரை வெயிலில் காய்ந்த பொட்டல் சமதளமாக, அழகாகத் தெரியும். கம்பிவேலியும் கொடியும் கட்டியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளை, இருபது நாள் லீவுக்குள் பத்திரம் முடித்துவிட்டுப் போய்விடுவார். ஐப்பசி கார்த்திகையில் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை அவர் பார்த்ததே இல்லை.

வில்லங்கச் சான்றில் கடன் தெரியும், விற்பனை தெரியும். வெள்ளம் தெரியாது. அதற்கு வேறு தாள்கள் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணும் அதை ஒட்டிய எண்களும் என்ன வகை என்று பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், குளம் என்று இருந்தால் அது பக்கத்து நிலமாகவே இருந்தாலும் எச்சரிக்கைதான். புலப்படத்தில் ஓடை எந்த இடத்தில் வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தரையில் இன்று ஓடை இல்லையே என்று நினைக்காதீர்கள். மண் அடித்து மூடியிருப்பார்கள். தண்ணீருக்குப் பழைய வழி நினைவிருக்கும். எல்லாவற்றையும்விட, அந்தத் தெருவில் பழைய குடித்தனக்காரர் ஒருவரிடம் "23ல் தண்ணி எவ்வளவு நின்னுச்சு?" என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்வார்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? மாடியில் கூரையோடு ஒரு அறை. மின் மீட்டரையும் இன்வெர்ட்டரையும் இடுப்பு உயரத்துக்கு மேலே மாற்றுவது. இவை பெரிய செலவில்லை. தரைத்தளத்தை ஒவ்வொருவரும் மண் அடித்து உயர்த்துவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நம் வீட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், அவ்வளவுதான்.

வீட்டில் யார் முடிவெடுப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகள் பலவற்றில் ஆண்கள் துபாயிலோ ரியாத்திலோ சென்னையிலோ இருக்கிறார்கள். ஊரில் உம்மா, மனைவி, சிறு பிள்ளைகள், வயதான உம்மும்மா. வீட்டை விட்டுக் கிளம்பலாமா வேண்டாமா என்ற கேள்வி வந்தால், "அவர்களிடம் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பதுதான் வழக்கம். 2023இல் முதலில் போனது மின்சாரம். அடுத்துப் போனது செல்போன் கோபுரங்கள். பல ஊர்களில் நாட்கணக்கில் தொடர்பே இல்லை. வெளிநாட்டிலிருந்தவர்கள் வீட்டாரின் நிலை தெரியாமல் தவித்த தவிப்பு சொல்லி முடியாது.

ஆகவே அந்தப் பேச்சை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். "கோரம்பள்ளம் குளம் நிரம்புகிறது என்று அறிவிப்பு வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இன்னார் வீட்டு மாடிக்குப் போய்விடு" என்று வாப்பாவோ கணவரோ இன்றைக்கே சொல்லிவைத்தால் போதும். எந்த வீடு, எந்த வழி, உம்மும்மாவைத் தூக்கி வர யார் என்பதும் அதில் அடங்க வேண்டும். இத்தாவில் இருக்கும் பெண்கள் வெளியேறத் தயங்குவார்கள். உயிர் ஆபத்து நேரத்தில் அதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதை, தண்ணீர் வந்தபின் அல்ல, முன்னதாகவே ஊர் ஆலிம்கள் பெண்கள் பயானில் தெளிவுபடுத்திவிட்டால் நல்லது.

ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டடி ஓடும் நீர் காரையே இழுத்துக்கொண்டு போகும். பாலத்தின் மேல் தண்ணீர் போகும்போது "இந்தா, போயிடலாம்" என்று பைக்கை இறக்குவது இளைஞர்களின் வீரம் அல்ல. வெள்ளம் வடிந்த பிறகும் வேலை முடியாது. கிணறும் நிலத்தடித் தொட்டியும் கழிவுநீரோடு கலந்திருக்கும். குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை கொதிக்க வைத்த தண்ணீர்தான். சேற்றில் வெறுங்காலோடு நடந்து ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்.

தாள்கள். பாஸ்போர்ட், ஆதார், குடும்ப அட்டை, பத்திரம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மேல் பரணில் வையுங்கள், போனில் படம் எடுத்து வெளியூரில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பிவிடுங்கள். 2023இல் நிவாரணத் தொகை, கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கு 6,000 ரூபாயும் மற்ற வட்டங்களுக்கு 1,000 ரூபாயும், குடும்ப அட்டையை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது.

ஜமாஅத்துகளுக்கும் ஒன்று. நிக்காஹ் தஃப்தர்கள் பெரும்பாலும் பள்ளிவாசல் அலுவலகத்து மர அலமாரியில், அதுவும் கீழ்த்தட்டில் இருக்கும். விசாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அதுதான் ஆதாரம். நனைந்தால் ஒரு தலைமுறையின் பதிவு போய்விடும். ஒரு விடுமுறையில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து ஸ்கேன் செய்துவிடலாம். கபர்ஸ்தான் தாழ்வான இடமாக இருந்தால், வெள்ள நாட்களில் மையித்தை எங்கே அடக்குவது என்று மேட்டுப்பகுதி ஜமாஅத் ஒன்றோடு முன்கூட்டியே பேசிவைப்பதும் அவசியம். கேட்கச் சங்கடமான விஷயம்தான். அந்த நேரத்தில் கேட்பது அதைவிடச் சங்கடம்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் போல வேகமான எச்சரிக்கைக் கருவி எந்தத் தெருவிலும் இல்லை, அது பேட்டரியில் ஓடும்படி இருந்தால். கோவிலிலும் தேவாலயத்திலும் அதே கருவி உண்டு. முத்தையாபுரம் போல எல்லாச் சமூகத்தவரும் கலந்து வாழும் ஊரில், மூன்று இடத்துப் பொறுப்பாளர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்திருந்தால், கோரம்பள்ளம் மதகிலிருந்து ஒரு அழைப்பு வந்த ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

உப்பளத் தொழிலாளர்களை யாரும் நினைப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்களுக்கு வேலை கிடையாது. அரசு மழைக்கால நிவாரணமாக ஆண்டுக்கு 5,000 ரூபாய் தருகிறது. நலவாரியத்தில் பதிவு செய்தவர்களுக்குத்தான் அது. வெள்ளம் வரும் மாதமும் கையில் காசில்லாத மாதமும் அவர்களுக்கு ஒன்றுதான். ஊர் பைத்துல்மால்கள் மழைக்கு முன்பே இந்தக் குடும்பங்களின் பட்டியலை எடுத்து வைத்திருந்தால், வெள்ளம் வந்த அன்று கதவு கதவாகத் தட்ட வேண்டியதில்லை.

ஓடை தூர்வாரும் வேலை செப்டம்பருக்குள் முடிந்தால்தான் பயன். அக்டோபர் இறுதியில் பொக்லைன் வந்து நின்றால், அள்ளிய மண்ணைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள், முதல் மழை அதைத் திரும்ப ஓடைக்குள் தள்ளிவிடும். மாநகராட்சிக் கவுன்சிலரிடமும் நீர்வளத் துறையிடமும் இந்தத் தேதியைத்தான் கேட்க வேண்டும், "எப்போது செய்வீர்கள்" என்று பொதுவாக அல்ல.

பெயின்டோடு ஒரு சின்ன வேலையும் இருக்கிறது. 2023 வெள்ளம் எந்த உயரம் வரை நின்றது என்பது இப்போது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பத்து வருடம் கழித்துப் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், மீதிப் பேர் இரண்டடி குறைத்துச் சொல்வார்கள். பள்ளிவாசல் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ அந்த உயரத்தில் ஒரு நீலக்கோடு, பக்கத்தில் தேதி, அதன் கீழே மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.